பூனை என்று சொல்லுங்கள்

பனிச்சங்கேணிப் பாலத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது வெயில் முதுகில் ஏறியிருந்தது. திரும்பினால் கோபுரம் தெரியும் என்பதால் திரும்பவில்லை. அந்தக் கோபுரத்தின் தெற்குப் பக்கத்தில் ஐயப்பன் உட்கார்ந்திருக்கும் புலிக்கு நான் கோடு போடாமல் புள்ளி வைத்துவிட்டேன். அதுதான் பிரச்சினை. கோடு போடக் கை நடுங்காமல் இருக்க வேண்டும். புள்ளிக்கு அது தேவையில்லை. மேஸ்திரி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். கோபுர வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி இலங்கைக்கு என்னைக் கூட்டிவந்ததுதான் தன் வாழ்நாளின் பெரிய தப்பு என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். நான் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு இறங்கினேன். கழுவாமல் வைத்தால் முடி விறைத்துப்போகும்.

பையில் பாஸ்போர்ட், இரண்டு சட்டை, பாதி சோப்பு. எங்கே போகிறேன் என்று தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து பெரும்பாலான பயணங்களை இப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். கால் பழகிவிட்டது.

ரோட்டோரத்தில் ஓர் ஆட்டோ நின்றிருந்தது. அதன் பின்பக்கம் நமது ஆட்டோ மாதிரி இல்லை. சீட்டுக்குப் பதில் கண்ணாடி வைத்த பெட்டி. தொப்பி போட்ட ஒருவர் பெரிய கூழைக்கடாப் பறவை ஒன்றைக் கட்டிப்பிடித்து அந்தப் பெட்டிக்குள் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். கூழைக்கடா அவரை வேறெங்கோ ஏற்றப் பார்த்தது. அதன் ஒரு சிறகில் நைலான் வலை இறுகிச் சதையை அறுத்திருந்தது.

"தம்பி, சும்மாதானே போறீங்க? இதுட வாயப் புடிங்க."

பிடித்தேன். அலகு முழங்கை நீளம் இருந்தது. அடியில் தொங்கிய பை ஈரமாக, சூடாக, மீன் நாற்றத்தோடு என் மணிக்கட்டில் மோதியது. அவர் பெயர் ஹனீபா. ஓட்டமாவடிக்காரர். காயம்பட்ட பறவை, மிருகம் எங்கே கிடந்தாலும் ஏற்றிக்கொண்டுபோய் வாவிக்கரையில் ஒரு ரீச்சரிடம், அதாவது டீச்சரிடம், சேர்ப்பது அவர் பழக்கம். என்னையும் அப்படியே ஏற்றிக்கொண்டார்.

"எங்க இரிந்து வாறீங்க?"

"கோயில் வேலைக்கு வந்தேங்க. சண்டை. சாரத்தை விட்டு இறங்கி வந்துட்டேன்."

அவர் என் இடுப்பைப் பார்த்தார். "உடுத்துத்தானே இரிக்கீங்க?"

சாரம் என்றால் இங்கே லுங்கி. மூங்கில் கட்டி ஏறி நின்று வேலை செய்வோமே, அதுதான் எங்களுக்குச் சாரம் என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரெண்டில எத அவுத்தாலும் கரைச்சல்தான் என்றார்.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கும் ஒரு கதை இருந்தது. இந்த நாட்டில் காலையிலும் மாலையிலும் பாட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் பாண் விற்க வருவார்கள். பாண் என்பது நமது பிரெட். பேக்கரிக்காரர் ஒருவர் கழித்துவிட்ட அப்படியொரு வண்டியைத்தான் ஹனீபா வாங்கியிருந்தார். பாட்டுப்பெட்டியைக் கழற்ற நேரம் கிடைக்கவில்லை. பிரேக்கை அழுத்தினால் அது பாடும். தொடங்கினால் முழுதும் பாடித்தான் ஓயும்.

அதனால் வழியில் நின்ற இடமெல்லாம் ஆட்கள் பாத்திரத்தோடும் பையோடும் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். ஓர் அம்மா கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து கூழைக்கடா அவரைப் பார்த்தது.

"பாண் இல்லையா?"

"பாண் இல்ல தாத்தா. கூழக்கடா."

"அப்ப பணிஸ்?"

பணிஸ் என்றால் பன். தாத்தா என்றால் இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்கா. இதையும் நான் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதுவரை அந்த அம்மாவின் முகத்தில் மீசையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ரீச்சர் வீடு மட்டக்களப்பு நகரத்துக்கு முன்னால், வாவியைத் தொட்டுக்கொண்டு இருந்தது. தவமணி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். வீட்டுக்குப் பின்னால் கம்பிவலைக் கொட்டில்கள். வனவிலங்கு இலாகாவின் மிருக வைத்தியர் எப்போதும் வேறெங்காவது ஒரு யானையோடு இருப்பார். அவர் வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருப்பதற்கு அனுமதி பெற்ற இடம் இது. ஒரு தொட்டியில் படகு விசிறி வெட்டித் துடுப்பு இழந்த ஆமை. ஒரு கூட்டில் தென்னை சாய்ந்தபோது விழுந்த ஆந்தைக் குஞ்சுகள்.

"காக்கா! காக்கா! கெதியா வாங்க!" என்று ரீச்சர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். காயம்பட்ட காகம் எங்கே என்று நான் மரத்தையும் கூரையையும் பார்த்தேன். ஹனீபா ஓடினார். காக்கா என்றால் அண்ணன்.

வலையை அறுத்து எடுக்கும்வரை நான்தான் வாயைப் பிடித்திருந்தேன். பாவமாக இருந்ததால், "ஒண்ணுமில்லடா கண்ணு, முடிஞ்சிரும்" என்றேன்.

ரீச்சர் கத்தரிக்கோலை நிறுத்தினார். "தம்பி, இஞ்ச மிருகங்களோட கதைக்கப்படா. எங்கட குரலுக்குப் பழகினா, பிறகு மனிசரைக் கண்டு பயப்படாது. பயப்படாட்டி அடி வாங்கிச் சாகும்."

"என்னோடது இந்தியக் குரல்தானேங்க. நான்தான் ஊருக்குப் போயிடுவேனே."

"குரலுக்குப் பாஸ்போட் இல்ல."

இரவுக்குப் புட்டும் மீன் சொதியும். நம் ஊரில் புட்டு என்றால் ஏதோ காலைப் பலகாரம், அதுவும் சீனி தேடும். இங்கே அது சோற்றுக்குச் சமமான ஆள். தேங்காய்ப்பால் சொதியை ஊற்றியதும் மண் மழையைக் குடிப்பதுபோலக் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. மீன் எங்கே பிடித்தது என்றேன். ஆற்றில் என்றார்கள். எந்த ஆறு என்றேன். கதவுக்கு வெளியே கையைக் காட்டினார்கள். கடல்போல அசையாமல் கிடக்கும் வாவியைத்தான் இவர்கள் ஆறு என்கிறார்கள்.

தீனி வைக்கும் அறையில் பாய் கிடைத்தது. பக்கத்துத் தொட்டியில் ஆமை தலையைத் தூக்கி மூச்சு விடும்போதெல்லாம் யாரோ சலித்துக்கொள்வதுபோல் இருந்தது. மேஸ்திரி நினைவோடு தூங்கிப்போனேன்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி இல்லை. ரீச்சர் கூழைக்கடாவின் தொண்டைக்குள் கை விட்டு மீன் ஊட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அதை என்னைப் பிடிக்கச் சொன்னார். பேசுகிறவர் குரல் வெளியே கேட்கும்படி வைத்தேன்.

"ரீச்சர், கரடியனாத்தில இருந்து கதைக்கிறன். சுதன். வெட்டு மெசின் ஓட்டுறனான். வட்டைக்குள்ள ஒரு பூனைக்குட்டி கிடந்தது. எடுத்து வச்சிருக்கன்."

வட்டை என்றால் பரந்த நெல்வெளி. அறுவடைக் காலம், மெஷின்கள் இறங்கியிருந்தன.

"தம்பி, வீட்டுப் பூனைக்கெல்லாம் இஞ்ச இடமில்ல. ஆராவது புள்ளைகளுக்குக் குடுங்க, வளப்பாங்க."

"இல்ல ரீச்சர்... இது அப்பிடிக் குடுக்கேலாத பூனை."

"ஏன், கடிக்குதா?"

"இப்ப கடிக்கல்ல. பிறகு கடிக்கும்போல."

ரீச்சரின் கை முழங்கைவரை கூழைக்கடாவுக்குள் இருந்தது. "சரி, பஸ்ஸில குடுத்து விடுங்க. பாப்பம்."

இங்கே பஸ்ஸில் எதையும் கொடுத்துவிடுகிறார்கள். மருந்து, மாம்பழம், கல்யாணக் கார்டு. கண்டக்டரிடம் கொடுத்தால் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் பஸ் ரீச்சர் வீட்டு வளைவில் நிற்காது. செங்கலடிச் சந்தியிலேயே ஒருவர் ஏறிக்கொண்டு, வளைவு வருமுன் கத்த வேண்டும். கத்துவதற்கு என்னை அனுப்பினார்கள்.

ஏறினேன். கண்டக்டர் காலடியிலிருந்து ஒரு பிஸ்கட் பெட்டியை எடுத்து நீட்டினார். மேலே மூச்சுக்கு ஓட்டை போட்டு, நீல மையில் 'பூனை' என்று எழுதியிருந்தது. உட்கார இடம் கிடைத்தது. உள்ளே கோழிக்குஞ்சு கத்துவதுபோல் ஒரு சத்தம். பூனை இப்படிக் கத்தாதே என்று மூடியைக் கொஞ்சம் விலக்கினேன்.

உள்ளங்கை இரண்டை ஏந்தினால் நிறையும் அளவு. கல் நிற உடம்பு. கட்டை வால். காதின் பின்புறம் ஒரு வெள்ளைப் பொட்டு. முதுகில் கறுப்புப் புள்ளிகள் வரிசை பிடித்து நின்றன. கழுத்துக்கு வந்ததும் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகிவிட்டன. இதையெல்லாம் நான் தொழில்முறையில்தான் பார்த்தேன். மேஸ்திரிக்குப் பாதி வெற்றி, எனக்குப் பாதி. அந்தச் சந்தோஷத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"யோவ், இது பூனையில்லய்யா! புலி! புலிக்குட்டி!"

பஸ் அமைதியானது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதையும் டிரைவர் அணைத்தார். எனக்கு முன்னால் இருந்தவர் திரும்பாமலே தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். பக்கத்திலிருந்த பெண் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக, ஒன்றுமில்லாத ஓர் இடத்தைப் பார்த்தார்.

கண்டக்டர் குனிந்து என் காதோடு பேசினார். "அண்ணன் இந்தியாவா?"

"ஆமாங்க."

"விளங்கிட்டு. பூனை எண்டு சொல்லுங்க."

"பூனை இல்லீங்களே. வேணும்னா நீங்களே பாருங்க."

"நான் பாக்கத் தேவையில்ல. பூனை எண்டு சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யுத்தம் முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சொல் மட்டும் இன்னும் காட்டுக்குத் திரும்பவில்லை. அதைச் சொல்லிப் பிடிபட்டவர்கள், சொல்லாமல் பிடிபட்டவர்கள், இரண்டு வகையினருக்கும் உறவுக்காரர்கள் இந்த பஸ்ஸில் இருப்பார்கள். சுதன் ஏன் தொலைபேசியில் பூனையைச் சுற்றிச் சுற்றி வந்தான் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

முன் சீட்டில் ஒரு போலீஸ்காரர் லீவில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சிங்களவர். அவர் எழுந்து பின்னால் வந்தார். தமிழ் தெரியாதவர்களுக்கும் தெரிந்த தமிழ்ச் சொற்கள் சில உண்டு. அதில் ஒன்றைத்தான் நான் கத்தியிருந்தேன். மூடியைத் திறக்கும்படி சைகை காட்டினார். திறந்தேன். குட்டி அவரைப் பார்த்து வாயைத் திறந்து சீறியது. பல் முளைத்தும் முளைக்காததுமான வாய்.

அவர் சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். எல்லாரும் கண்டக்டரைப் பார்த்தார்கள்.

"பாவம், பசிக்குதாம் எண்டு சொல்றார். தாய் எங்க எண்டு கேக்கிறார்."

பஸ் மூச்சு விட்டது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, பெட்டியோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். பையை இறுக்கிப் பிடித்திருந்த பெண் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "வடிவான பூனை" என்றார். நான் கத்த வேண்டிய வளைவு எப்போதோ போய்விட்டிருந்தது. திரும்பி வெயிலில் நடந்தேன்.

ரீச்சர் மூடியைத் திறந்து பார்த்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"மீன்பிடிப் பூனை. வேட்டைக்காரர் கொடுப்புலி எண்டுவாங்க. புத்தகத்தில பூனைதான்." பஸ்ஸில் என்னைத் திருத்தியவர்கள் தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். "பால் மறக்காத குட்டி. நான் அந்தப் புள்ளையிட்ட, இருந்த இடத்திலயே வை எண்டு சொல்லியிருக்கோணும். பூனை எண்டானே! நானும் பூனை எண்டு நினைச்சிட்டனே!"

மிருக வைத்தியரைத் தொலைபேசியில் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பின்னணியில் யானை ஒன்று பிளிறியது. எடுத்த இடத்திலேயே, பொழுது படுமுன் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். பால் கொடுக்க வேண்டாம், வெறுங்கையால் தொட வேண்டாம். தாய் தேடி வரும். ஆனால் மறைவதற்கு அங்கே வெட்டாத நெல் கொஞ்சமாவது நிற்க வேண்டும்.

"வரலைன்னா?" என்று நான் ரீச்சரிடம் கேட்டேன்.

"வரல்லையெண்டா போத்தில் பால். போத்தில் பாலெண்டா கூடு. கூடெண்டா சாகுமட்டும் கூடு. மீன் பிடிக்கத் தாய் பழக்கோணும் தம்பி. நான் பழக்கேலுமா?"

சுதனைக் கூப்பிட்டு மெஷினை நிறுத்தச் சொன்னார். அவன் போடியார் விடமாட்டார் என்றான். போடியார் என்றால் வயல்காரர். வானம் வேறு இருட்டிக்கொண்டு நின்றது. நனைந்தால் நெல் போய்விடும். "எண்டாலும் பாக்கிறன் ரீச்சர்" என்று வைத்துவிட்டான்.

ரீச்சர் வரவில்லை, கூழைக்கடாவுக்கு ஊசி நேரம். ஹனீபா காக்காவும் நானும் கிளம்பினோம். குட்டி கண்ணாடிப் பெட்டிக்குள், சாக்கு சுற்றிய அட்டைப் பெட்டியில். செங்கலடியில் மேற்கே திரும்பியதும் நிலம் மாறியது. கடல் காற்று நின்று, வைக்கோல் மணம் வந்தது. ரோட்டோரம் எருமைத் தயிர்ச் சட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நிறுத்தலாமா என்றேன்.

"தயிர் ஓடாது" என்றார் காக்கா.

மாடுகள் ஓடின. ஒவ்வொரு மாட்டுப் பட்டிக்கும் பிரேக் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிரேக்குக்கும் பாட்டு வந்தது. ஓர் ஊரில் சின்னப் பிள்ளைகள் காசோடு துரத்தினார்கள். காக்கா தலையை வெளியே நீட்டி, "பாண் முடிஞ்சி! முடிஞ்சி!" என்று கத்தினார். வாழ்நாளில் ஒரு பாண் விற்காதவர்.

வட்டையை அடைந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு வெட்டி முடிந்திருந்தது. நடுவில் மெஷின் நின்றது. அதற்கப்பால் வாய்க்காலை ஒட்டி ஒரு துண்டு மட்டும் வெட்டாமல், தலை சாய்ந்த நெல்லாக. மெஷின் நிழலில் சுதன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும்.

"பெல்ட் போயிட்டு எண்டு போடியாரிட்டச் சொல்லிட்டன். நாளைக்குக் காலம வெள்ளணத்தோட வருவார். அதுக்குமேல ஏலாது."

"ஏன் தம்பி ஃபோன்லயே இது என்னன்னு சொல்லல?" என்றேன்.

"போனில அந்தச் சொல்லச் சொல்லேலுமா அண்ணன்? என்ட மாமா ஒராள் சொன்னவர்." மெஷின் நிழலை விட்டு எழுந்தான்.

எடுத்த இடம் எது என்பது அடுத்த கேள்வி. வெட்டிய வயல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. சுதன் யோசித்தான். குட்டியைக் கண்டு மெஷினை நிறுத்தி இறங்கியதும் பயத்தில் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினானாம். எனவே மூன்று பேரும் குனிந்து அவன் எச்சிலைத் தேடினோம். துப்பும் பழக்கம் உள்ளவன் என்பதால் நிறைய கிடைத்தது. கடைசியில் சப்பாமல் விழுந்த முழு வெற்றிலைச் சுருள் ஒன்று வெட்டாத நெல்லின் ஓரத்தில் கிடந்தது. "இதுதான்" என்றான். "பாதிலயே விழுந்திட்டு."

வண்டியில் இருந்த, மீன் போடும் பிளாஸ்டிக் கூடையில் அங்கேயே கிடந்த வைக்கோலைப் போட்டோம். கையில் சேறு பூசிக்கொண்டு குட்டியை இறக்கினேன். அது என்னைப் பார்த்தது. பேசவில்லை. பேசக்கூடாது என்றால் எவ்வளவு பேச வருகிறது!

ஆட்டோ பாடிவிடுமே என்று அதை முதலிலேயே எஞ்சின் அணைத்து, தள்ளிக்கொண்டுதான் வந்திருந்தோம். வண்டிப்பாதையில் நிறுத்தி அதன் பின்னால் குந்தினோம். காக்கா மட்டும் இறங்க மறுத்து ஓட்டும் சீட்டில் இருந்தார்.

"பெரியவர் வந்தா சுறுக்கா எடுக்கணும்" என்றார்.

"போடியாரா?"

சுதன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பெரியவர் என்றால் யானை. பொழுது சாயும் நேரத்தில் வட்டையில் நின்றுகொண்டு யானை என்று சொன்னால் வந்துவிடுமாம். ஆக இங்கே யானையும் இல்லை, புலியும் இல்லை. பெரியவரும் பூனையும்தான்.

குட்டி கத்தத் தொடங்கியது. அதே கோழிக்குஞ்சுக் குரல். கொக்குகள் வாய்க்கால் மேலாகத் திரும்பிப் போயின. கொசு என் காதுக்குள் குடியேறியது. நெடுநேரம் கழித்து, வெட்டாத நெல்லின் ஓரம் காற்றில்லாமல் அசைந்தது. ஒரு தலை வந்தது. அகலமான, தட்டையான, சந்தேகம் நிறைந்த தலை. முன்கால் ஒன்று வெளியே வந்து நின்றது. குட்டி கூடையில் எழுந்து நின்று கத்தியது.

காக்கா நன்றாகப் பார்க்க முன்னால் சாய்ந்தார். சாய்ந்தபோது கால் பிரேக்கை அழுத்தியது.

பாட்டு வந்தது. முழுப் பாட்டு. அந்த வட்டையில் அன்று பாண் வாங்க யாருமில்லை. நெல் ஓரம் வெறுமையானது. காக்கா கீழே பாய்ந்து வயரைப் பிடித்து இழுத்தார், பிறகு பல்லால் கடித்தார். அது அறுந்தபோது பாட்டு கடைசி வரியில் இருந்தது.

குட்டி கத்துவதை நிறுத்திவிட்டது. இருட்டும்வரை இருந்தோம். பிறகு தூரத்தில் யாரோ சீனவெடி, அதாவது பட்டாசு, போட்டு விரட்டும் சத்தம் கேட்டது. பெரியவர் உண்மையாகவே வருகிறார் என்று அர்த்தம். கூடையை அங்கேயே விட்டுவிட்டுச் சுதனின் வாடிக்குப் போனோம். வாடி என்பது வயலில் தங்கும் குடிசை. பாணும் தேங்காய்ச் சம்பலும் பொரித்த கருவாடும் இருந்தன. நான் தின்றேன். காக்கா தின்னவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ட கால்" என்றார் ஒருமுறை. "என்ட காலே."

"படுங்க காக்கா" என்றான் சுதன். "வெள்ளணப் பாப்பம்."

மழை வரவில்லை. விடியும்போது காக்கா பாயில் இல்லை. தொழுதுவிட்டு அவர் எங்களுக்கு முன்பே போயிருந்தார். நாங்கள் போனபோது கூடைக்குப் பக்கத்தில் சேற்றில் மண்டியிட்டிருந்தார்.

கூடை காலியாக இருந்தது.

"நரி" என்றான் சுதன், மெதுவாக.

"வாய மூடு" என்றார் காக்கா.

சேற்றில் தடம் இருந்தது. ரீச்சரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார், தூங்கியிருக்க மாட்டார்.

"ரெத்தம் கிடக்குதா?"

"இல்லீங்க."

"தடத்தில விரலுக்கு முன்னால நகம் பதிஞ்சிருக்கா? வடிவாப் பாருங்க. நரியெண்டா நகம் தெரியும். இது நகத்தை உள்ளுக்க மடிச்சிட்டு நடக்கும்."

மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். வட்டமான தடம். நான்கு விரல். நான் சிங்கத்துக்கும் புலிக்கும் எத்தனையோ பாதம் வரைந்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் நகத்தைச் சிவப்பில் நீட்டித்தான் வைப்பேன், அப்போதுதான் கீழே நிற்பவர்களுக்குத் தெரியும். இந்தப் பாதத்தில் ஒன்று கூட இல்லை.

"நகமே இல்லீங்க."

"கூழக்கடா தானாத் தின்னுது" என்றார் ரீச்சர். குரல் ஒரு மாதிரி இருந்தது. "காக்காட்டச் சொல்லுங்க."

சொன்னேன். காக்கா எழுந்து சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஆட்டோவுக்குப் போய் அறுந்த வயரைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சுதன் மட்டும் சந்தோஷப்படவில்லை. தடம் போன திசையைக் காட்டினான். அது வாய்க்காலுக்குப் போகவில்லை. வெட்டாத நெல்லுக்குள் போயிருந்தது. குட்டி ஒன்றா, இன்னும் இருக்கிறதா, யாருக்குத் தெரியும்? அந்தத் துண்டைத்தான் இன்று வெட்ட வேண்டும். பெல்ட் இரண்டு தரம் போகாது. தூரத்தில் போடியாரின் மோட்டார் சைக்கிள் வரும் சத்தம் கேட்டது.

"மேல இருந்தா எனக்கு ஒண்டும் தெரியாது அண்ணன். நேத்தும் தற்செயலாத்தான் கண்டனான். மெசினுக்கு முன்னால ஒராள் நடக்கோணும்." என்னை மேலும் கீழும் பார்த்தான். "உங்களுக்கு இண்டைக்கு வேற வேலை இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

கூலி பேசி முடிந்தது. மத்தியானச் சோறு, அவனுடைய பழைய பூட்ஸ், ஒரு தகரம், ஒரு தடி. பூட்ஸ் பெரிதாக இருந்தது, வைக்கோல் திணித்தேன். தகரத்தைத் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். பாம்பு தானாகப் போய்விடும், முயல் ஓடிவிடும். முட்டை கிடந்தால் கையைத் தூக்க வேண்டும். அதைக் கண்டாலும் தூக்க வேண்டும். வாய்க்கால் பக்கம் வழியை விட்டு, ரோட்டுப் பக்கத்திலிருந்து மெல்ல வெட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. போடியார் வரப்பில் நின்று, இந்த ஆள் யார், எதற்குத் தகரம் தட்டுகிறார் என்று கேட்டார். இந்தியாவில் இப்படித்தான் வெட்டுவார்களாம் என்று காக்கா சொல்லிவிட்டு ஆட்டோவை எடுத்தார். பிரேக் போட்டுப் பார்த்தார். சத்தமில்லை. ஓட்டமாவடிப் பக்கம் போனார்.

மெஷின் உறுமியது. நான் முன்னால் நடந்தேன். நெல் இடுப்பளவு. பனி இன்னும் காயவில்லை, முழங்கால்வரை நனைந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் மெஷினின் பற்கள் சுழல்வதைக் கேட்டுக்கொண்டு நடப்பது கோபுர உச்சியில் நிற்பதைவிட மோசமில்லை. தட்டினேன், நடந்தேன், தட்டினேன். ஒரு முயல் ஓடியது. இரண்டு காடைகள் எழும்பின.

மூன்றாவது தரம் திரும்பி வரும்போது, எனக்கு முன்னால் நெற்கதிர்கள் ஒரு கோடாக விலகி வாய்க்கால் பக்கம் போயின. கோடு போன வழியில் ஓர் இடத்தில் கல் நிற முதுகும், வாயில் தொங்கும் சின்ன உடம்பும் தெரிந்தன. நின்றேன். தகரத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன்.

சுதன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். வரப்பில் போடியாரும் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணன்?"

"பூனை" என்றேன்.

மெஷின் நின்றது.